இரட்டைக் கண்

முதல் தாளில் மங்கை பச்சையாக வந்தாள். லேசான பச்சை என்றால் கூடப் போகிறது என்று விடலாம், இது மொட்டைமாடித் தொட்டியில் பிடிக்கிற பாசியின் பச்சை. தனபாலன் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு வரவில்லை. சிவப்பு இல்லாவிட்டால் மனுஷ முகம் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது, உதடு, கன்னம், நெற்றிக் குங்குமம் எல்லாம் ஒரே சேற்று நிறம். நாளைக்குக் காரியம். படத்துக்கு மாலை போட வேண்டும், முன்னால் இலை போட்டுப் படைக்க வேண்டும், வருகிறவர்கள் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் கும்பிடப் போகிறார்கள். ஹாலில் மச்சினிச்சி பூங்கொடியும் மகள் சுவாதியும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே யார் யார் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மங்கையின் இந்தச் சின்ன அறையில், மங்கையின் நாற்காலியில், மங்கையின் பிரிண்டருக்கு முன்னால் இவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு தாளும் எடுத்தவரில்லை. துவாக்குடிப் பக்கம் ஒரு வால்வு கம்பெனியில் தர ஆய்வாளர். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்டுபிடித்துத் தூக்கி எறிகிற வேலை. குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குற ஆள்னு எனக்கு மட்டும் சொல்லாமக் கட்டி வெச்சுட்டாங்க என்று அவள் கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. அது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும். தாளைக் கீழே வைத்தார். சரி, குறையைக் கண்டுபிடிப்போம், அது நமக்குத் தெரிந்த வேலைதானே.

ஸ்டுடியோவில் கொடுத்திருந்தால் நேற்றே முடிந்திருக்கும். கொடுக்கத்தான் போனார். அந்தப் பையன் திரையில் மங்கையின் முகத்தைப் பெரிதாக்கி, சார், அக்காவ கொஞ்சம் கலராக்கிடவா என்று கேட்டான். கேட்டுக்கொண்டே மௌஸை ஒரு இழு இழுத்தான், மங்கை வெளுத்துப் போனாள். மாநிறத்துக்கும் ஒரு படி கீழே இருந்தவள், ஒரே இழுப்பில் யாரோ சேட்டு வீட்டு மருமகள் மாதிரி ஆகிவிட்டாள். எல்லாருக்கும் இப்படித்தான் சார் பண்றது, சாமி படத்துப் பக்கத்துல மாட்டுறதுல்ல, பளிச்னு இருக்கணும்ல என்றான். பையன் மேல் தப்பில்லை, ஊரில் செத்துப்போன யாருமே கறுப்பாக இருந்ததில்லை என்பது போல்தான் எல்லார் வீட்டுச் சுவரும் இருக்கிறது. ஆனால் இவர் கையை நீட்டினார். வேண்டாம்பா, குடு என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பூங்கொடிக்குக் கோபம். என்ன மாமா நீங்க, ஊரே குடுக்குது என்றாள். வீட்டில் மெஷின் இருக்கிறது, அவள் ஓட்டிய மெஷின், அதில் அவள் நிறத்திலேயே வரட்டும் என்று பெரிதாகச் சொல்லிவிட்டார். இப்போது பச்சையாக வந்திருக்கிறாள். பூங்கொடி எட்டிப் பார்த்தால் தொலைந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

சோதனைத் தாள் ஒன்று எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொன்னது. எடுத்தார். படிக்கட்டு படிக்கட்டாக நாலு நிறக் கோடுகள். கறுப்பு முழுசாக இருந்தது, நீலம் இருந்தது, மஞ்சளில் அங்கங்கே பல் விழுந்திருந்தது, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். மை காய்ந்திருக்கிறது. ஆயுத பூஜையோடு மெஷின் நின்று போனது, மறுவாரமே அவளுக்கு வயிற்று வலி, அப்புறம் யார் இதைத் தொட்டார்கள். இதற்கு முன் இந்த அறை எந்த நேரமும் சத்தமாக இருக்கும். அக்கா, நீர் சுழற்சிப் படம் ஒண்ணு, ஆன்ட்டி, பாலூட்டி விலங்கு பத்து, நாளைக்குக் காலைல டீச்சர் கேப்பாங்க என்று தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் அம்மாக்களும் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் படிக்கிறதோ இல்லையோ, அம்மாக்கள் அலைகிற அலைச்சலில் மதிப்பெண் போட்டுவிடலாம். இவர் வேலை விட்டு வந்தால் காப்பி ஆறிப் போயிருக்கும், அவள் உள்ளே டைனோசர் அடித்துக்கொண்டிருப்பாள். உன் ரெண்டாவது புருஷன்கிட்ட என்னத்த அப்படிப் பேசிட்டு இருக்க என்று கேட்பார். அவரு சொன்ன பேச்சக் கேக்குறாரு என்று உள்ளிருந்து பதில் வரும். சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன் இப்போது சிவப்பைத் துப்ப மாட்டேன் என்கிறார். சுத்தம் செய் என்று இருந்ததை அழுத்தினார். மெஷின் உள்ளே எதையோ உறிஞ்சியது, முனகியது, நீளமாக மூச்சு விட்டது. அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. எழுந்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார்.

கீழே காஸ் வண்டி நின்றது. ஒருவன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படி ஏறினான். எதிர்வீட்டில் சமையல் நடக்கப் போகிறது, நாளைக்கும் மறுநாளும் நடக்கும். மங்கைக்கு முதலில் வாயு என்றார்கள். ஓமம் போட்டுக் குடித்தாள், சரியாகவில்லை. பிறகு அல்சர் என்றார்கள், காரம் நிறுத்தினாள். பிறகு பித்தப்பையில் கல்லாக இருக்கலாம் என்று ஒரு ஸ்கேன், கல் இல்லை என்று இன்னொரு ஸ்கேன். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார்கள். இவருக்கு அந்த முறை புரிந்தது, இவரும் பட்டறையில் அப்படித்தான் செய்வார், அச்சிலா குறை, உலோகத்திலா, ஊற்றின சூட்டிலா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் குறை. அதனால் ஒவ்வொரு முறையும் அது இல்லை என்று டாக்டர் சொன்னபோது இவர் சந்தோஷப்பட்டார். ஆட்டோவில் வரும்போது கல் இல்லையாம்ல என்று அவளிடம் சொன்னார், அவளும் ஆமாங்க என்றாள். கடைசியில் மிஞ்சுவது என்று ஒன்று இருக்கும், அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லையே. அல்லது அவளுக்குத் தோன்றியிருக்குமோ. ஆமாங்க என்று சொன்ன குரலை மறுபடி கேட்டுப் பார்க்க முயன்றார். குரல் வரவில்லை. இந்தக் கொஞ்ச நாளாக அதுதான் பயம். ராத்திரி கண்ணை மூடினால் சேலை வருகிறது, நடை வருகிறது, முகம் மட்டும் நேராக வருவதில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. நல்லபடியாக ஒரு படம் சுவரில் ஏறிவிட்டால் அந்த முகம் போய்விடும், இந்த முகம் தங்கிவிடும். நாளைக்கு வருகிறவர்களுக்காக என்று பூங்கொடியிடம் சொன்னதெல்லாம் பாதிதான் உண்மை. மெஷின் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தது.

சிவப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை சுத்தம் செய்ததும் கோடுகள் அத்தனையும் பல் விழாமல் வந்தன. இவருக்குத் தன்னையறியாமல் வாய் மலர்ந்தது, உடனே சிரிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பளபளப்புத் தாளை வைத்து அனுப்பினார். கூந்தல் வகிடு, நெற்றி, புருவம் என்று மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு வந்தாள். நிறம் சரியாக இருந்தது, அதே நிறம், கழுத்தில் மட்டும் ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்து, வெயில் பட்டால் செம்பு அடிக்கிற அதே நிறம். சுவாதியின் கல்லூரி விழாவுக்குப் போனபோது எடுத்த படம். வாசலில் நிற்க வைத்து, அம்மா சிரிம்மா என்று அவள் சொல்ல, சிரிக்கிறேன்டி, வெயில் கண்ண கூசுது என்று இவள் சொல்ல, அந்தச் சொல் முடிகிற இடத்தில் எடுத்தது. ஆனால் வலது பக்கக் கண் வந்ததும் இவருடைய வாய் சுருங்கியது. அந்தக் கண் இரண்டாக இருந்தது. ஒரு கண்ணும், அதை ஒட்டி அதன் நிழலாக இன்னொரு கண்ணும். கண்ணுக்கு நேர் மேலே புருவமும் அப்படியே, நேர் கீழே கன்னத்தின் மச்சமும் அப்படியே, ஒரு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழே முகமே உதறின மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். தலையைச் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். யாரோ பக்கத்தில் நின்று தோளைத் தட்டியதும் சட்டென்று திரும்பியது போல இருந்தாள்.

மாமா, சாப்பாடு ஆறுது என்று பூங்கொடி கதவைத் தள்ளினாள். கையில் வாழைப்பூக் கறை. தாளைப் பார்த்துவிட்டாள். அய்யய்யோ, அக்காவுக்கு என்ன மாமா கண்ணு இப்படி என்றாள். சொன்னவள் சொன்ன வேகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இவருக்கு எரிச்சலாக வந்தது, தன் மேலேயே. சரியாயிடும், மெஷின்ல ஒரு சின்ன கோளாறு, பாத்துட்டிருக்கேன் என்றார். நாளைக்கு ஐயர் வந்து உக்காந்துட்டு படம் எங்கேன்னு கேட்டா என்ன மாமா பண்றது, அந்த ஸ்டுடியோக்காரன்கிட்டயே குடுத்துடுங்களேன், வெள்ளையா இருந்தாத்தான் என்ன, அக்கா ஆசப்பட்டிருக்கும் என்றாள். ஆசைப்பட்டிருப்பாளா. இருக்கலாம். மஞ்சள், கடலை மாவு, பாலாடை என்று ஏதேதோ பூசிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்திருப்பாள், யாருக்கு இதெல்லாம் என்று கேட்டால் உங்களுக்கு இல்ல, போங்க என்பாள். இந்த நிறம்தான் எனக்குப் பிடித்தது என்று ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்கிற ஆளா இவர். ஒரு மணி நேரம் குடும்மா, வரலேன்னா குடுத்துடறேன் என்றார். பூங்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அச்சுத் தலையை நேர்ப்படுத்து என்று ஒன்று இருந்தது, செய்தார். மறுபடி எடுத்தார், கண் இரண்டாகத்தான் இருந்தது, ஆனால் நிழல் கொஞ்சம் மெலிந்திருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தார். தாள் மாற்றி எடுத்தார், இன்னும் கொஞ்சம் மெலிந்தது. படத்திலேயே குறையோ என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தார், திரையில் கண் ஒன்றுதான், வெயிலில் சுருங்கிய ஒற்றைக் கண். அப்போதுதான் பட்டறைப் புத்தி வந்தது. வார்ப்பைத் திருப்பிப் போட்டுப் பார், குறை கூடவே திரும்பினால் பொருளில் குறை, திரும்பாவிட்டால் மெஷினில் குறை. படத்தைத் தலைகீழாக்கி அனுப்பினார். கழுத்து முதலில் வந்தது, பிறகு மோவாய், பிறகு சிரிப்பு தலைகீழாக. எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். இப்போது அந்தக் கண் சுத்தம், இந்தப் பக்கக் கண் இரண்டு. ஆக மங்கையிடம் குறை இல்லை. மெஷின் போகிற வழியில் ஏதோ ஓரிடத்தில், எப்போதும் அதே இடத்தில், ஒரு தடங்கல். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் ஒரு கண் நல்லது, அதில் ஒரு கண் நல்லது, நடுவில் வெட்டி ஒட்டினால் ஒரு முழு மங்கை கிடைப்பாள். கத்தரிக்கோலைத் தேடி மேஜை இழுப்பறையில் கை போய்விட்டது. பிறகு வெட்டுவதா என்று கையை எடுத்துக்கொண்டார்.

மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். உள்ளே மை அடிக்கிற பெட்டி ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது. அது போய் வருகிற பாதையில், பின்னால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கண்ணாடி போல் தெளிந்த நாடா ஒன்று விறைப்பாகக் கட்டியிருந்தது. டார்ச்சைச் சாய்த்தால்தான் தெரிந்தது, நாடா முழுக்க நுணுக்க நுணுக்கமாகக் கோடுகள். பார்த்ததுமே புரிந்தது, பட்டறையில் இருக்கிற அளவு மெஷின்களிலும் இப்படி உண்டு. பெட்டி அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டேதான் போகும், எண்ணி எண்ணித்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். கோடு மறைந்தால் இடம் தடுமாறும். டார்ச்சை நாடாவின் மேலேயே நகர்த்திக்கொண்டு வந்தார். நடுவைத் தாண்டிக் கொஞ்சம் வலப்பக்கத்தில் வெளிச்சம் நின்றது. சந்தனம். காய்ந்து மஞ்சளாக அப்பியிருந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை. வீட்டில் இருக்கிற இரும்புக்கெல்லாம் பொட்டு வைப்பாள், மிக்ஸிக்கு, அருவாமனைக்கு, இவருடைய பைக்குக்கு, ஃப்ரிட்ஜுக்கு. போன வருஷம் பிரிண்டர் மூடியின் மேல் வைத்த பொட்டு யாரோ ஒரு பிள்ளையின் சார்ட்டில் ஒட்டி, காந்தியின் தலையில் குங்குமம் ஏறி, அந்த அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். அதனால் இந்த வருஷம் உள்ளே வைத்திருக்கிறாள். மேலே வைத்தால் துடைக்க வேண்டியிருக்கும், உள்ளே வைத்தால் வருஷம் பூராவும் இருக்கும் என்று நினைத்திருப்பாள். சாமி கும்பிடுகிற இருட்டில் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, கண்ணுக்கே தெரியாத நாடாவின் மேல். புருஷன் நெற்றி என்று நினைத்தாயா, ஏன்டி, என்று வாய்விட்டே சொன்னார். சிரிப்பு வந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தார், மூச்சு படக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு. சந்தனத்தில் விரல் ரேகை இருந்தது. சுழி சுழியாக மோதிர விரலின் ரேகை, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு. சுவாதி வயிற்றில் இருந்தபோது அருவாமனையில் பூசணிக்காய் நறுக்கி வெட்டிக்கொண்ட விரல், தழும்பு கடைசிவரை போகவில்லை. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இவருடைய கட்டைவிரல் அந்தத் தழும்பின் மேல்தான் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. தனபாலன் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஹாலுக்குக் கேட்காமல் அழுதார்.

ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் வேலை. கை துணியைத் தேடவில்லை. அவள் உடம்பு தொட்டதெல்லாம் போய்விட்டது, சேலைகளைத் துவைத்து மடித்துவிட்டார்கள், தலையணை உறையைப் பூங்கொடி மாற்றிவிட்டாள், சீப்பைக்கூடக் காணோம். தழும்போடு சேர்த்து அவள் விரல் இருப்பது இந்த உலகத்தில் இந்த ஓரிடத்தில்தான். மறுபடி பார்த்தார், பார்த்தபோதுதான் சந்தனத்தின் கீழ் ஓரம் உடைந்திருப்பது தெரிந்தது. அடித் தட்டில் மஞ்சளாகப் பொடி விழுந்திருந்தது. பெட்டி போகும்போதும் வரும்போதும் உரசி உரசி உதிர்த்திருக்கிறது. நிழல் மெலிந்ததே, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாரே, இதுதான் அந்த வேலை. முகம் தெளியத் தெளிய விரல் உதிர்ந்திருக்கிறது. இனி ஒரு தாள் கூடாது. படம் ஸ்டுடியோவிலேயே ஆகட்டும், பக்கத்தில் நின்று அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டாவது நிறம் மாறாமல் வாங்கிவிடலாம். இந்த நாடாவைக் காரியம் முடிந்ததும் மெல்லக் கழற்றி, கண்ணாடி போட்டு வைத்துக்கொள்ளலாம். மெஷின் போனால் போகட்டும். மூடியை இறக்கினார், குழந்தை தூங்குகிற அறையின் கதவைச் சாத்துவது போல. செருப்பு மாட்டப் போகிறவராக எழுந்தார்.

மெஷின் தானாக விழித்துக்கொண்டது. விளக்கு எரிந்தது, உருளை சுற்றியது, தாள் ஒன்றை உள்ளே இழுத்தது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாலிலிருந்து சுவாதியின் குரல் வந்தது. அப்பா, நான் போன்லேர்ந்து அந்தப் படத்த அனுப்பிருக்கேன், சித்திக்கும் ஒரு காப்பி வேணுமாம், எப்படி வருதுன்னு பாருங்க. வேணாம்மா என்று சொல்வதற்குள் பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. சுவிட்ச் மேஜைக்குக் கீழே இருந்தது. குனிந்து விரலை அதன் மேல் வைத்துவிட்டார், அழுத்தினால் போதும், நாடா பிழைக்கும். வைத்த விரலோடு தலையைத் திருப்பினார். தாளின் வாயில் வகிடு வந்திருந்தது. வகிட்டில் குங்குமம் வந்திருந்தது. நெற்றி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே டாக்டர் இவரைத் தனியாக அழைத்து, மெஷின்தான் மூச்சு விடுது சார், நிறுத்திடலாமா, நீங்க சொல்லணும் என்று கேட்டார். சுவாதி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். கேட்க யாருமில்லை. இவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான் செய்தார், உள்ளே யாரோ எதையோ அழுத்தினார்கள். புருவம் வந்தது. பெட்டி அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் லேசாகத் தடுக்கியது, தடுக்கியது, பிறகு நகத்தால் எதையோ பெயர்த்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தடுக்கவில்லை. வழவழவென்று போய் வந்தது. விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. பாதி முகத்தில் அவளை நிறுத்த இவரால் முடியவில்லை, இன்னொரு தடவை முடியவில்லை. விரலை எடுத்துக்கொண்டார். தரையிலேயே உட்கார்ந்து, தாளுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டார். கண்கள் வந்தன, வெயிலுக்குச் சுருங்கி, இரண்டே இரண்டு. மூக்குத்தி வந்தது, மச்சம் ஒரே ஒரு மச்சமாக வந்தது, ஏதோ சொல்லி முடித்த உதடுகள் வந்தன.

"அப்பா," என்று ஹாலிலிருந்து சுவாதி கேட்டாள், "வருதாப்பா?"

"வருதும்மா."

"கண்ணு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு," என்றார் தனபாலன். "அம்மா நல்லா வந்துட்டாம்மா."